தையல் இல்லை என்றால் கண்ணைக் கசக்கலாம் என்று யார் சொன்னது?

கண் சதை, அதாவது வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் படரும் சதை, அதற்கான ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் வருகிறார்கள். சதை எடுத்த இடத்தில் வைத்த ஒட்டு சுருண்டு ஓரமாகக் கிடக்கிறது. கேட்டால், "தையலே போடலையே டாக்டர், லேசாத்தான் கசக்கினேன்" என்று பதில். அண்மையில் இது அதிகமாகிவிட்டது.

சதையை வெட்டிவிட்டு அப்படியே விட்டால் பலருக்குத் திரும்ப வளரும். அதனால்தான் மேல் இமைக்கு அடியில் மறைந்திருக்கும் வெள்ளைவிழிப் பகுதியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அங்கே ஒட்டாக வைக்கிறோம். ஒட்டு சுருங்கும் என்பதால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பெரிதாகவே எடுப்போம்.

ஒட்டை நகராமல் பிடித்து வைக்க மூன்று வழிகள் உண்டு. தையல் உறுதியானது. ஆனால் இழை முனைகள் உறுத்தும், நீர் வடியும். நைலான் என்றால் பிறகு பிரிக்கவும் வேண்டும். ஃபைப்ரின் பசை (ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தால் ஆனது) சட்டென்று பிடிக்கும், உறுத்தல் குறைவு, விலைதான் அதிகம். மூன்றாவது, நோயாளியின் ரத்தக் கசிவையே பசையாக்குவது. செலவில்லை, ஆனால் ஒட்டை ஐந்து முதல் பத்து நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அடியில் ரத்தம் தேங்கினால் ஒட்டு மிதந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தையல் இல்லாதது உங்கள் சௌகரியத்துக்காக, ஒட்டின் பலத்துக்காக அல்ல. முதல் இரண்டு நாள் ஒட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் வேர் பிடிக்கவில்லை. தையல் இருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும் கசக்கலை, பசையும் ரத்தமும் தாங்காது. தையல் போட்டவரைவிட நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

"தையல் இல்லாமலும் வலிக்குதே" என்பவர்களுக்கு: சதையை உரித்த இடத்தில் கருவிழியின் மேல்தோல் இல்லை. அது மூடும்வரை, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள், எந்த முறையிலும் எரியும். கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிடுங்கள், கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணில் போட்ட கட்டை நீங்களே பிரிக்காதீர்கள். தூங்கும்போது கண் கவசம் போடுங்கள். தலைக்குக் குளிப்பது, அடுப்புப் புகை, வெல்டிங், வயல் வேலை எல்லாம் நாங்கள் சொன்ன பிறகுதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சிவப்பு குறைந்ததும் நிறுத்தாதீர்கள். தீர்ந்ததும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கியும் ஊற்றாதீர்கள், கண் அழுத்தம் ஏறும்.

குறைந்த வலி திடீரென்று கூடினாலோ, மூக்குப் பக்கம் ஏதோ மடிந்து நிற்பதுபோல் இருந்தாலோ, தயவுசெய்து அன்றே வாருங்கள். ஓரிரு நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் அதே ஒட்டைத் திரும்ப விரித்து வைத்துவிடலாம்.