செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஏன் எடுக்கவில்லை?

செட்டிநாட்டில் பூட்டிய வீடுகளுக்குள் மாதக்கணக்கில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் நிறைய. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து கதவைத் திறக்கும்போதுதான் வண்டிக்கும் வேலை வரும். பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. உடனே மெக்கானிக்கைக் கூப்பிடத் தோன்றும். அதற்கு முன்னால், கோளாறு எந்தப் பக்கம் என்று நாமே கண்டுபிடித்துவிட முடியும். வண்டியே அதைச் சொல்லிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் ஒரு மின்பொறி, அந்தக் கலவையை நசுக்கும் அழுத்தம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. செல்ஃப் மோட்டாரின் வேலை பிஸ்டனை முதல் சில சுற்றுகள் ஆட்டிவிடுவது மட்டுமே. எனவே அது சுற்றினாலும் இந்த மூன்றில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

முதலில் காசு செலவில்லாதவை. எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் சரியாக இருக்கிறதா, டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக் (குழாய்த் திருகு) திறந்திருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு மேலே ஏறியிருக்கிறதா? சில வண்டிகளில் ஸ்டாண்டு கீழே இருந்தால் செல்ஃப் சுற்றும், பொறி வராது.

அடுத்து, சிலிண்டருக்குள் பொறி தரும் ஸ்பார்க் பிளக். என் கணக்கில், பத்து நிமிடம் ஊகித்துக்கொண்டு நிற்பதைவிட ஒரு பிளக் ஸ்பேனர் அதிகம் சொல்லும். சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் விசை) இருந்தால் அதைப் போட்டுச் சில நொடிகள் செல்ஃப் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக, பெட்ரோல் வாடையுடன் இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, பற்றத்தான் இல்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. தேட வேண்டிய இடம் இந்த ஒரே சோதனையில் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பிளக் காய்ந்திருந்தால், நாள்பட நின்ற கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டியில் முதல் சந்தேகம், அதில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் மேல். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சுவது பிசினாகப் படியும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது, வேலை செய்யும் சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதை அடைக்கக் கொஞ்சம் பிசின் போதும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான். டேங்குக்குக் காற்று போகும் சின்னத் துளையைப் பூச்சி மண் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. மூடியைத் திறந்ததும் வண்டி பிடித்தால் அதுதான் காரணம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பம்ப் தள்ளும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி மெல்லிய முனகல் கேட்க வேண்டும். அது பம்பின் சத்தம். கேட்கவில்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். வீட்டில் எலி இருந்தால் ஒயரையும் பாருங்கள்.

பிளக் ஈரமாக இருந்தால் ஒருவேளை ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கலாம், அதாவது பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கலாம். கார்புரேட்டர் வண்டியானால் சோக்கை எடுத்துவிட்டு, காக்கை மூடி, பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிச் செல்ஃப் அடித்தால் மிச்ச பெட்ரோல் வெளியேறும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பொறியைச் சோதிக்கலாம். வண்டியை வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பிளக் இருந்த துளையைத் துணியால் மூடுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். பிளக்கை அதன் ஒயர் முனையில் உள்ள கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகப் பட்டிருக்கும்படி, துளையை விட்டுத் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். கையால் பிடிக்காதீர்கள், வருவது பல ஆயிரம் வோல்ட். நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் நம்ப வேண்டாம். அழுத்தம் கூடக்கூட இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வெளியே வந்த பொறி சிலிண்டருக்குள் வராமல் போகலாம்.

இங்கேதான் பேட்டரி நம்மை ஏமாற்றுகிறது. செல்ஃப் சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். ஆனால் செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை வாரிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரிகூட அந்த நேரத்தில் இறங்கும். பழுதானது இன்னும் கீழே, 8 வோல்ட்டுக்குப் போய்விடும். பொறிக்கான காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் பாதிக்கும் கீழே போகும். மோட்டார் சுற்ற அது போதும், பொறிக்குப் போதாது. கிக்கர் உள்ள வண்டியானால் உதைத்துப் பாருங்கள். செல்ஃபில் எடுக்காத வண்டி உதையில் எடுத்தால் குற்றவாளி பேட்டரிதான். பொறிக்கான மின்சாரம் எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டிலிருந்தே வரும் பழைய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சார்ஜ் இறங்கிய ஈயப் பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்படும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு வராது. வெயில் காலத்தில் சார்ஜ் தானாக இறங்குவதும் வேகம். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். இந்த வேதியியலை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல வேண்டிய இடம்.

பெட்ரோலும் பொறியும் சரி, இன்னும் எடுக்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செம்மண் புழுதி அடைத்திருந்தால் காற்று குறைந்து கலவை கெடும். அப்புறம் அழுத்தம். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் வால்வோ பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ விட்டிருக்கிறது. பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டதும் எதிர்ப்பு திரும்பினால் ரிங், திரும்பாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இதற்கு மெக்கானிக்தான் வேண்டும். ஆனால் என்ன பார்த்தோம் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டைப் பூட்டி ஊருக்குக் கிளம்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியானால், அதற்கு முன் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஜெட்டில் காய்வதற்குப் பெட்ரோல் மிஞ்சாது.