கொட்ட வேண்டிய தண்ணீர்

பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் வாசலில் ஒரு இளநீர் வண்டி நிற்கும். மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவை சிறுநீரக டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தபோது, நானேதான் அவருக்கு ஒன்று வெட்டச் சொன்னேன். நல்ல வெயில். காலையிலிருந்து வெறும் வயிறு, ரத்தம் வேறு எடுத்திருந்தார்கள். மாலையில் லேபிலிருந்து போன் வந்தது: பொட்டாசியம் 5.9 (5-க்குள் இருக்க வேண்டியது), உடனே அழைத்து வந்து ஈசிஜி எடுங்கள். அந்த ரத்தம் இளநீர் குடிப்பதற்கு முன் எடுத்தது. அதற்கு மேல் நான் ஒரு முழுக்காயையும் குடிக்க வைத்திருந்தேன்.

அந்த ஒரு காயின் கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இளநீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். 300 மில்லி குடித்தால் 600 முதல் 750 மில்லிகிராம். லேப் கணக்கில் சொன்னால் 15 முதல் 19 மில்லிமோல். ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே இருக்கும் மற்ற நீரிலும் ஒரு ஆளுக்கு மொத்தமாக இருக்கும் பொட்டாசியமே 60 மில்லிமோலைச் சுற்றித்தான். அதில் கால் பங்குக்கும் மேல் ஒரே காயில் உள்ளே போகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது ஒன்றுமே இல்லை, சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். அப்பாவுக்கு அந்த வழி பாதி அடைபட்டிருந்தது.

உடம்பில் பொட்டாசியம் குறைவாக இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளதில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளே இருக்கிறது. உள்ளே லிட்டருக்கு 140, 150 மில்லிமோல், வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஓயாமல் ஓடும் ஒரு புரத பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பை வைத்து 1957-ல் இதைக் கண்டுபிடித்தார். 1997-ல் நோபல் பரிசு வந்தது.

உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் இதயத் தசைக்கு மின்சாரம். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் இதயச் செல்லின் உட்புறம் மைனஸ் 90 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். வெளியே 4 இருக்க வேண்டிய பொட்டாசியம் 7 ஆனால் அந்த மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. செல் முழுதாக ஓய்வெடுப்பதும் இல்லை, சரியாகத் தூண்டப்படுவதும் இல்லை. ஈசிஜி தாளில் 'டி' அலை கூடாரம் போலக் கூராக எழும்பும். இன்னும் ஏறினால் துடிப்பின் கோடுகள் அகன்று, ஒன்றோடு ஒன்று கலந்து, இதயம் நின்றே போகலாம். இதில் பயங்கரம், பல பேருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்குக் கால் துவளும், மரத்துப்போகும், படபடப்பு வரும். அப்பா அன்று மாலை நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சிறுநீரகம் என்றதும் சல்லடைதான் நம் மனதில் வருகிறது. பொட்டாசியத்தில் அதன் வேலை இன்னும் நுணுக்கமானது. வடிகட்டி வந்த பொட்டாசியத்தில் பெரும்பகுதியை நெஃப்ரான் என்ற நுண்குழாயின் முதல் பகுதிகளே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கடைசிப் பகுதியில், உடம்புக்கு வேண்டாத அளவை மட்டும் பார்த்து மறுபடி வெளியே விடும். எவ்வளவு விடுவது என்று உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். நோயில் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாகச் சாகும்போது மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்து வெகு காலம் சமாளிக்கும். அதனால்தான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகும் பலருக்குப் பொட்டாசியம் ஒழுங்காகவே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஹார்மோனே குறைவாகச் சுரப்பதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் முன்னதாகவே ஏறிவிடும்.

மாத்திரைகளும் இங்கேதான் வருகின்றன. டெல்மிசார்டன், லொசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காக்கும், கூடவே ஆல்டோஸ்டிரோனை அடக்குவதால் பொட்டாசியத்தையும் ஏற்றும். ஸ்பைரோனோலாக்டோனும் அப்படித்தான். அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பதா, பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் பொடி சேர்ப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் வேறு கதை. சிறுநீரக நோயாளி அவற்றைக் கையால் தொடக்கூடாது.

இனி உப்பு. யூரியா, கிரியேட்டினின் ஏறுவதை நம் ஊரில் "ரத்தத்துல உப்பு ஏறிருச்சு" என்பார்கள். அந்த ஒரு சொல் எத்தனை வீட்டில் குழப்பம் செய்திருக்கிறதோ! எங்கள் வீட்டிலும் அதைக் கேட்டதும் அம்மா சமையல் உப்பை மாற்றினார். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் கிடைத்தது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பாதி அளவுக்குக்கூடப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மில்லிகிராம் பொட்டாசியம். நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு இது உதவலாம். ஆனால் 2025 ஜனவரியில் இந்த மாற்று உப்புகளுக்கு ஆதரவாக வழிகாட்டுதல் தந்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இந்துப்பு பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அதில் விசேஷப் பலன் ஏதுமில்லை. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி.

அக்கம்பக்கத்தார் சொல்லும் வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். சிறுநீரகக் கல்லுக்கு என்று பரவிய யோசனையை, "கிட்னிக்கு நல்லது" என்று சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய். வாழையில் எந்தப் பாகத்திலும் பொட்டாசியத்துக்குக் குறைவில்லை.

சரி, சமையலுக்கு வருவோம். இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். காய்க்குள் பொட்டாசியம் செல்களின் நீரில் கரைந்த உப்பாகத்தான் இருக்கிறது. செல்சுவர் உடைந்தால் வெளியே வந்துவிடும். அம்மா உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல்நுனி அளவுக்கு நறுக்கி, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளும்பப் போட்டுக் கொதிக்க வைப்பார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி, லேசாக மஞ்சள் தட்டும். சோறு வடித்துப் பழகிய கை. தட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட்டு, அப்புறம்தான் தாளிப்பார். இப்படிச் சதுரமாக நறுக்கி வேகவைத்தால் உருளைக்கிழங்கின் பொட்டாசியம் ஏறக்குறைய பாதியாகும், துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை போகும். வெறும் தண்ணீரில் ஊறப்போடுவதால் பெரிய பலன் இல்லை, சூடுதான் சுவரை உடைக்கிறது. கொஞ்சம் வைட்டமினும் கூடப் போகத்தான் செய்யும்.

குக்கரில் வைத்தால் எதுவும் எங்கும் போகாது. வெளிவந்த பொட்டாசியம் அந்தச் சாற்றிலேயே நிற்கும். சாம்பாரின் சங்கடமும் இதுதான். பருப்பு வெந்த தண்ணீர், தக்காளி, புளி, முருங்கைக்காய் எல்லாவற்றின் பொட்டாசியமும் குழம்பில் இறங்கியிருக்கும். ஆக, தனியாக வேகவைத்து வடித்த காயைச் சாப்பிட்டு, குழம்பைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் பழக்கத்தை விடுவதுதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கீரையை வேகவைத்துப் பிழிந்து, குறைந்த அளவில், எப்போதாவது.

இதைப் படித்துவிட்டு காய், பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். அப்படி ஒதுக்கினால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் கைவிட்ட பொட்டாசியத்தில் ஒரு பங்கைப் பெருங்குடல்தான் வெளியேற்றுகிறது, அந்த வழியும் அடைபட்டுப்போகும். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டுதலும் எல்லோருக்கும் ஒரே அளவு என்று விதிக்கவில்லை. அவரவர் ரத்த அளவைப் பார்த்து உணவைச் சரிசெய்யச் சொல்கிறது. வேறு சில மாத்திரைகளாலும் பேதியாலும் பொட்டாசியம் குறைந்துபோகிறவர்களும் உண்டு, குறைந்தாலும் இதயத்துக்கு ஆபத்துதான்.

விரத நாள்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலின், சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் அனுப்புகிறது. நாளெல்லாம் பட்டினி இருந்தால் இன்சுலின் இறங்கி, பொட்டாசியம் வெளியே கசியும். மாலையில் பழமும் இளநீருமாக விரதத்தை முடித்தால் அதற்கு மேல் இன்னொரு சுமை.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஈசிஜியில் 'டி' அலை கூராகத்தான் இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாயில் ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலோ, கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால்தான் இந்த இரண்டாவது சோதனை. இரண்டாவதில் 6.3. முதலில் கால்சியம் ஊசி போட்டார்கள். அது பொட்டாசியத்தைக் கொஞ்சமும் குறைக்காது, இதயத்தை நிதானப்படுத்தி நேரம் வாங்கிக் கொடுக்கும். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் அதே சால்புடமால் ஆவி. இவை பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஒளித்து வைக்கும், அவ்வளவுதான். சில மணி நேரத்தில் அது திரும்ப வெளியே வரும். உடம்பை விட்டு நிஜமாகவே போக வேண்டுமென்றால் சிறுநீரில் போக வேண்டும், மலத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் டயாலிசிஸ். அப்பாவுக்கு, சிறுநீரைப் பெருக்கும் ஊசி மருந்தில் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. விடிகாலையில் 5.2.

போன மாத ரிப்போர்ட்டில் 4.7. டயட்டீஷியன் ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். அம்மா அதைத் துருவித்தான் வேகவைக்கிறார்.