பித்தப்பை எடுத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லையா?

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு முட்டிக்குதே, ஏன் டாக்டர்?"

முதல் சில நாட்களில் இதற்குக் கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைக் குறை சொல்ல வேண்டாம். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாக ஆபரேஷன், செய்யும்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புகிறோம். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வயிறு உப்பும், தோள்பட்டைகூட வலிக்கும். மயக்க மருந்தால் குமட்டும். வீரியமான வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும். சாப்பிட்டதும் படுக்காமல் வீட்டுக்குள் மெல்ல நடங்கள். சோடா, கூல்டிரிங்ஸ் வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் பித்தநீர் விஷயம். கல்லீரல் முன்போலவே தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பித்தப்பை அதைச் செறிவாக்கி வைத்திருந்து, கொழுப்பு வந்ததும் மொத்தமாக இறக்கிவிடும். இப்போது அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் எண்ணெய்க்கு இது தாராளமாகப் போதும். பூரியும் வடையும் ஒரே வேளையில் போனால் போதாது. செரிக்காத கொழுப்பும் பெருங்குடலுக்குப் போகும் பித்த அமிலமும் சேர்ந்து வயிற்றைக் கலக்கிவிடும்.

ஆகவே சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஒரு வேளைக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 மி.லி.க்குள் இருக்கட்டும், அதிலேயே சுமார் 4.5 கிராம் கொழுப்பு இருக்கிறது. "இட்லிதானே சாப்பிட்டேன்" என்பவர்களிடம் தொட்டுக்கொண்டது என்ன என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும்: பொடியில் குழைத்த நல்லெண்ணெய், கெட்டித் தேங்காய்ச் சட்னி. பாலையும் கவனியுங்கள். 6% கொழுப்புள்ள பாலில் 200 மி.லி. டம்ளருக்கு 12 கிராம் கொழுப்பு; 3% பாலில் அதில் பாதிதான்.

இதற்குப் பயந்து மாதக்கணக்கில் கஞ்சியும் ரசம் சாதமுமாக இருப்பவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கவலை. புண் ஆறப் புரதம் வேண்டும். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, வறுக்காத மீன், ஆடை எடுத்த தயிர் எல்லாம் சாப்பிடலாம். வயிறு ஒத்துக்கொண்டால் எண்ணெயைப் படிப்படியாகக் கூட்டுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அன்று வேறு எதையும் மாற்றாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாடு குறைந்திருக்கும் நாட்களில் அளவை டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

வயிற்றுப்போக்கு இருந்தால் காபியைக் குறைத்து, ஓட்ஸ், வாழைப்பழம் சேர்த்துப் பாருங்கள். நான்கு வாரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் சொல்லுங்கள். பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் பவுடர் பலருக்குக் கேட்கிறது. அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்னதாகவோ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும்.

சாதாரணமாகப் பசி நாளுக்கு நாள் தேற வேண்டும். மாறாகக் குறைந்துகொண்டே போய், வயிற்று வலியும் உப்புசமும் கூடினால் பித்தநீர்க் கசிவாக இருக்கலாம். 100.4 டிகிரி காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர் நிறச் சிறுநீர், வெளிறிய மலம், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.