சாப்பிட்டதும் ஏன் நடக்கச் சொல்கிறார்கள்?

என் தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளூக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் வந்து மறுபடி குடிக்க வேண்டும் என்பதால் வாயைத் துப்பட்டாவால் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 152. இந்தச் சோதனையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான்.

“காபிக்குக்கூட நான் சர்க்கரை போடறதில்லையே சிஸ்டர்” என்றாள். கண் கலங்கிவிட்டது.

“நீ என்னம்மா பண்ணுவே, நஞ்சுக்கொடி பண்ற வேலை அது. சாப்பிட்டதும் போய்ப் படுத்துக்காதே, கால் மணி நேரம் நட. ரெண்டு வாரம் கழிச்சு வா, பார்க்கலாம்.”

அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே அந்த நர்ஸ் சொன்ன இரண்டுமே உண்மை. முதலில் நஞ்சுக்கொடியின் வேலையைப் பார்ப்போம்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் குழந்தை சுமார் ஒரு கிலோ இருக்கும். பிறக்கும்போது மூன்று கிலோ. மூன்றே மாதத்தில் மும்மடங்கு! அதற்கு வேண்டிய முதன்மையான எரிபொருள் அம்மாவின் ரத்தத்தில் ஓடும் குளூக்கோஸ். ஆனால் அம்மா சாப்பிட்டு முடித்ததும் கணையம் இன்சுலினைச் சுரந்து, அந்தக் குளூக்கோஸை அவளுடைய தசைகளுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அனுப்பிவிடும். குழந்தைக்கு மிச்சம் வேண்டுமே? அதனால் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரந்து, அம்மாவின் உடல் இன்சுலினுக்கு அவ்வளவாகச் செவிசாய்க்காதபடி செய்துவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்சுலின் செய்யும் வேலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் கொஞ்சம் அதிக நேரம் சுற்றும். குழந்தை தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இது நோயே அல்ல, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பெரும்பாலானவர்களுக்குக் கணையம் ஈடுகொடுத்து இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்துவிடும். அவ்வளவு சுரக்க முடியாத கணையம் உள்ளவர்களுக்கு மட்டும் சர்க்கரை ஏறுகிறது. நம் ஊர்ப் பெண்களில் பலர் அந்தப் பக்கம்தான். சரியாக இந்த நேரத்தில்தான் நாம் வளைகாப்பு வைத்து, ஐந்து வகைச் சாதத்தோடு சர்க்கரைப் பொங்கலையும் பரிமாறுகிறோம் என்பது வேறு கதை.

ஏறினால் என்ன கெட்டுவிடும்? 1950-களில் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. குளூக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும். அம்மாவின் இன்சுலின் தாண்டாது. கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரியும் வேலை செய்யும். தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கடினமாகும். தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் இன்சுலின் மட்டும் நிற்பதில்லை. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்று குதிகாலில் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். “இன்சுலின் ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது” என்று வீட்டில் பயப்படுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஊசி மருந்து அம்மாவோடு நின்றுவிடும். குழந்தைக்குப் போவது கட்டுப்படாத சர்க்கரைதான்.

இப்போது நடை. தசைச் செல்லுக்குள் சர்க்கரையை ஏற்றிச் செல்லும் ஒரு புரதம் உண்டு, பெயர் குளூட்-4. சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் சுருண்டு கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேலே வந்து செல்லின் சுவரில் பதிந்து சர்க்கரையை உள்ளே விடும். நஞ்சுக்கொடி மழுங்கடிப்பது இந்தத் தட்டலைத்தான். ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினைக் கேட்காமலே குளூட்-4 மேலே வருகிறது. வேலை செய்யும் தசைக்கு எரிபொருள் வேண்டும் என்று செல்லுக்குள்ளிருந்தே வேறொரு சமிக்ஞை கிளம்புகிறது. இந்தக் கொல்லைப்புறக் கதவை நஞ்சுக்கொடி ஒன்றும் செய்வதில்லை. நடக்கும்போது சுருங்குபவை தொடையும் பிட்டமும், உடம்பிலேயே பெரிய தசைகள். உறிஞ்சும் அளவும் அதற்கேற்றபடி.

சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போகும். அதற்குள் நடந்தால் உச்சம் மழுங்கும். காலையில் ஒரேயடியாக முக்கால் மணி நேரம் நடப்பதும் நல்லதுதான், ஆனால் மத்தியானச் சாப்பாட்டின் ஏற்றத்தை அதனால் பெரிதாகப் பிடிக்க முடியாது. மூன்று வேளையும் சாப்பிட்ட பின் கால் மணி நேரம் என்பதில்தான் சூட்சுமம். வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மாடி வராந்தாவே போதும். ரத்தப்போக்கு, நீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சு வலி இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்” என்று எங்கள் அம்மா ஒரு கரண்டி சாதத்தைக் கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரிதான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). மூன்று இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால், கிட்டத்தட்ட முடிந்தது.

தங்கை வெறும் வயிற்றில் வராமலே இந்தச் சோதனையைச் செய்துகொண்டதற்குச் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியோடு வரச் சொன்னால் பலர் மறுபடி வரவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு முறை ரத்தம். வெறும் வயிற்றில் எடுப்பதே துல்லியம் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த முறையையே எடுத்துக்கொண்டது. முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. தங்கைக்கு முதல் சோதனை சுத்தமாக இருந்தது; இரண்டாவதில்தான் மாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 114 வந்தது. 120-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மருந்தில்லாமலே கடைசிவரை சமாளித்துவிட்டாள். பிரசவத்தில் நஞ்சு விழுந்ததும் அந்த ஹார்மோன்களும் போய்விட, மறுநாளே சர்க்கரை இயல்புக்கு வந்தது. “அப்ப ஒரு மைசூர்பா கொண்டு வாங்க” என்றாள். ஆனால் கர்ப்பத்தில் திணறிய கணையம் பின்னாளிலும் திணறக்கூடும் என்பதால் ஆறாவது வாரம் மறுபடி அழைத்தார்கள். அதே பெஞ்ச், அதே 75 கிராம். இந்த முறை மூக்கைப் பிடிக்கக் கை ஒழியவில்லை, மடியில் பிள்ளை.