ஹைப்போ வேறு, ஹைப்பர் வேறு

ஆய்வக அறிக்கையில் டி.எஸ்.ஹெச். அளவுக்கு அருகே 'ஹெச்' ('ஹை', அதாவது கூடுதல்) என்ற எழுத்தைக் கண்டதும் தைராய்டு கூடிவிட்டது என்று தாமே முடிவுசெய்து, தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். சென்ற வாரம் அப்படி வந்தவர் மூன்று மாதக் கர்ப்பிணி. அவருக்கு இருந்தது ஹைப்போதைராய்டு; இணையத்தில் தேடிப் படித்ததோ ஹைப்பர்தைராய்டு. கருவின் தைராய்டு சுரப்பி தானே இயங்கத் தொடங்காத அந்த முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம் என்பதால், இதை ஒரு சிறிய சொற்குழப்பம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகை. இவ்வளவுதான். ஆனால் தைராய்டைப் பொறுத்தவரை, இதை அறிந்தவர்களும் அறிக்கையைப் பார்த்துத் தடுமாறுகிறார்கள். காரணம், டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோனே அல்ல. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரியின் குரல் உயர்வதைப் போல, தைராய்டு போதிய அளவு சுரக்காதபோது டி.எஸ்.ஹெச். உயர்கிறது, தைராய்டு மிகுதியாகச் சுரக்கும்போது அது தாழ்கிறது. ஆகவே டி.எஸ்.ஹெச். கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிறவருக்கு அது கூடினால், மாத்திரை போதவில்லை, அல்லது சரியாக உட்கொள்ளப்படவில்லை என்று பொருளே தவிர, மாத்திரை அதிகமாகிவிட்டது என்று ஒருபோதும் பொருள் இல்லை. (பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ள சிலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால்தான் சில வேளைகளில் தைராய்டே சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவையும் சேர்த்துக் கேட்கிறோம்.) வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய அந்த மாத்திரையைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினாலும் டி.எஸ்.ஹெச். ஏறும். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஹைப்பர்டென்ஷன் என்ற சொல் தரும் குழப்பம் வேறு வகை. "எனக்கு எந்த டென்ஷனும் இல்லையே டாக்டர், பிறகு ஏன் மாத்திரை?" என்று கேட்கிறார்கள். அங்கே டென்ஷன் என்பது மனக்கவலை அல்ல, இரத்தக் குழாயில் உள்ள அழுத்தம். நிம்மதியாக வாழ்கிறவருக்கும் 140/90க்கு மேல் இருக்கலாம், எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம். மனம் அமைதியாகிவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரையில்தான் இந்தக் குழப்பம் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும் பெரியவரைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் "சுகர் ஏறிவிட்டது" என்று இன்சுலின் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஹைப்போகிளைசீமியா, அதாவது சர்க்கரைத் தாழ்வு. சர்க்கரை ஏறினால் பொதுவாகத் தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் மெல்ல வரும். தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு திடீரென வரும். விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். கருவி கையில் இல்லாதபோது சர்க்கரை கொடுப்பதே பாதுகாப்பு. இன்சுலின் போடுவது அல்ல. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஒருமுறை தேறிய பிறகும் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும். எனவே தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

குளுக்கோமீட்டரில் எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று ஆங்கிலத்தில் தெரிந்தால் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பல கருவிகளில் அதற்குச் சர்க்கரை 600க்கு மேல் போய்விட்டது என்று பொருள். 'லோ' என்றால் அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. இரண்டுமே அவசரநிலை.

தொலைபேசியில் ஹைப்போவும் ஹைப்பரும் ஒரே மாதிரி காதில் விழும். தயவுசெய்து அந்தச் சொற்களை எங்களிடம் சொல்ல வேண்டாம். குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று தமிழில் சொல்லுங்கள்; கருவி காட்டிய எண்ணையும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும், இன்சுலினோ மாத்திரையோ எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.