130 டிகிரியில் எண்ணெயின் பதம்

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான ஷெவர்லே கார்வெட்டின் ஏழாம் தலைமுறை 2014 மாடலாக வந்தபோது, அதன் கையேடு ஒரே இன்ஜினுக்கு இரண்டு எண்ணெய்களைச் சொன்னது. சாலையில் ஓட்ட 5டபிள்யூ-30. பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனால் 15டபிள்யூ-50. அதே 6.2 லிட்டர் வி8, அதே பேரிங், அதே ஆயில் பம்ப். வாரநாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொன்று. 2019 மாடலில் இந்த இரட்டை ஏற்பாட்டை எடுத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40 என்று ஒரே எண்ணெயாக்கினார்கள்.

எந்த ஒர்க்ஷாப்பில் கேட்டாலும் இதற்கு ஒரு வரியில் பதில் வரும்: "ரேஸ்ல ஓட்டுறீங்களா? அப்ப திக்கா ஊத்துங்க." பாதி சரி. ஆனால் கெட்டி எண்ணெய்தான் ரேஸ் எண்ணெய் என்றால் ஃபார்முலா 1 கார்களை எதில் சேர்ப்பது? அவற்றில் ஓடுவது மிக லேசான எண்ணெய். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எண்ணெயையும் கூலன்ட்டையும் வெளியிலிருந்து சூடாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். ஆக, கெட்டி, லேசு என்ற பேச்சுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தச் சூட்டில்?

அதற்கு எண்ணெய் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1883-இல் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினால், 200 பி.எஸ்.ஐ. வரை காட்டக்கூடிய முள் எல்லையைத் தாண்டிப் போனது. இத்தனைக்கும் பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமை 100 பி.எஸ்.ஐ. தான்.

அந்த அழுத்தத்தை எந்தப் பம்ப்பும் கொடுக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயைத் தன்னோடு இழுத்துப்போய், குறுகிக்கொண்டே போகும் இடுக்கில் திணிக்கிறது. வெளியேற வழியில்லாமல் நெருக்குண்ட எண்ணெய் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் முக்கியமானவை மூன்று: சுழலும் வேகம், மேலே உள்ள சுமை, எண்ணெயின் பாகுநிலை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பது. இன்றைய இன்ஜினின் கனெக்டிங் ராட் பேரிங்கும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. பிஸ்டன் வெடிப்பின் முழு அடியும் இறங்கும் கணத்தில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல பத்து மடங்கு.

வேகமும் சுமையும் ஓட்டுபவர் காலில் இருக்கின்றன. மிச்சம் பாகுநிலை. அந்தப் பெயரிலேயே பாகு இருக்கிறது. அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து ஓடுகிற வெல்லப்பாகு, இறக்கி ஆறவிட்டால் கரண்டியையே பிடித்துக்கொள்ளும். இன்ஜின் எண்ணெயும் சூட்டில் இளகும், அதுவும் சீராக இல்லாமல் தலைகுப்புற விழுகிற மாதிரி. வழக்கமான ஒரு 5டபிள்யூ-30 எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் 60 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். 100 டிகிரியில் அது சுமார் 10.5. 130 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 6 தான் மிஞ்சும்.

வழக்கமான 15டபிள்யூ-50 எண்ணெயை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 40 டிகிரியில் 125. 100 டிகிரியில் 18. 130 டிகிரியில் கிட்டத்தட்ட 10.

கார்வெட் கையேட்டின் விடுகதை இங்கே அவிழ்கிறது. சாலையில் 100 டிகிரியில் ஓடும் 30 எண்ணெயும், தடத்தில் 130 டிகிரியில் ஓடும் 50 எண்ணெயும் பேரிங்குக்கு ஏறக்குறைய ஒரே பதம். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பேரிங்குக்குத் தெரியாது. தன்னிடம் வந்து சேரும்போது இருக்கிற பதம்தான் அதற்குத் தெரியும். எனவே 50 ஊற்றுவதை இன்ஜினுக்குக் கூடுதல் பலம் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். சூடு பறித்துக்கொண்டதை ஈடுகட்டுகிறோம், அவ்வளவே.

டப்பாவின் எண்களைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரத்தின்படி பின்னால் வரும் எண் 100 டிகிரியில் அளந்த பாகுநிலையின் வரம்பு: 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. முன்னால் இருக்கும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியிலும் வைத்து ஸ்டார்ட்டர் சுழற்றுமா என்று சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜனவரியில் கார் எடுப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மார்கழி விடியலில்கூட 18 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் சென்னைக்கு அந்த மைனஸ் கணக்கு தேவைப்படாது. 0டபிள்யூ என்றால் சூட்டிலும் தண்ணீராகிவிடும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். சூட்டுக்கான எண் பின்னால் இருப்பதுதான்.

என்னைக் கேட்டால், தடத்தில் ஓட்டுபவர் இந்த இரண்டையும் விட மூன்றாவதாக ஓர் எண்ணைத் தேட வேண்டும். அது டப்பாவில் இருக்காது, தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத் தாளில் இருக்கும். எச்.டி.எச்.எஸ். என்று குறிப்பார்கள். 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பது போன்ற கடும் அரைப்பில் வைத்து அளக்கும் பாகுநிலை அது. காரணம் இருக்கிறது. 5-க்கும் 50-க்கும் இவ்வளவு தூரம் இருக்கிற எண்ணெய்களில் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் நூல்கண்டு போல் சுருண்டு கிடப்பவை சூட்டில் விரிந்து எண்ணெயைக் கெட்டியாகக் காட்டும். ஆனால் பேரிங்கின் இடுக்கில் இழுபடும்போது அந்த நூல்கள் ஓட்டத்தின் திசையில் படிந்துவிடும். கெட்டித்தன்மை அங்கே, தேவைப்படும் அந்த இடத்திலேயே, குறைந்துபோகும். சில நூல்கள் அறுந்தும்விடும். அறுந்தது திரும்ப ஒட்டாது.

எச்.டி.எச்.எஸ்.ஸின் குறைந்தபட்ச வரம்பு (இதற்கு அலகு வேறு, சென்டிஸ்டோக்ஸோடு ஒப்பிட வேண்டாம்) 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 50-க்கு 3.7. 40-க்கும் 50-க்கும் இடையே எவ்வளவு சின்ன இடைவெளி! நன்றாகச் செய்த ஒரு 40, சுமாராகச் செய்த ஒரு 50-ஐ இங்கே முந்திவிட முடியும்.

அப்படியானால் எப்போதும் 50-ஐயே ஊற்றி வைத்தால் என்ன? கெட்டி எண்ணெய் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். படலத்துக்குள் நடக்கும் உராய்வு முழுவதும் வெப்பமாகிறது. பேரிங் வழியாக ஓடி வெப்பத்தை வெளியே கொண்டுவரும் அளவும் குறையும். குளிர்ந்த இன்ஜினில் அழுத்தம் மிஞ்சும்போது பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து, அனுப்பிய எண்ணெயில் ஒரு பங்கைத் திருப்பிவிடும். அந்த நேரத்தில் டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் கம்பீரமாக நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுத்தம் ஏறுவது எண்ணெய் போகத் திணறுவதாலும் இருக்கலாம். 5டபிள்யூ-30 எண்ணெய்க்கென வடிவமைத்த இன்ஜினில் 15டபிள்யூ-50 ஊற்றி, முதல் சுற்றிலேயே 6,000 ஆர்.பி.எம்.முக்கு விரட்டுவது வலியப்போய் வம்பை வாங்குவது.

இதே 15டபிள்யூ-50 நமக்கு அந்நியமானதும் இல்லை. ராயல் என்ஃபீல்டு 350-இல் ஊற்றுவதும் இதே கிரேடுதான். காற்றை நம்பிக் குளிரும் இன்ஜினில் எண்ணெய் கூடுதலாகக் காயும், கணக்கு அதேதான். (பைக் எண்ணெயில் கிளட்ச் நனைந்து ஓடுவதால் கலவை வேறு. டப்பாவைத் தூக்கி கார்வெட்டில் கவிழ்த்துவிட வேண்டாம்.)

தயாரிப்பாளர் சொன்னதை மீறக் கூடாது என்பவர்களுக்கு ஃபோர்டு மஸ்டாங் நல்ல பாடம். 2012-இல் மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டர் வி8-க்கு 5டபிள்யூ-20. அதே குடும்பத்து இன்ஜினோடு தடத்தை மனதில் வைத்து வந்த பாஸ் 302-க்கு 5டபிள்யூ-50. லேசான எண்ணெய் உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும். அமெரிக்காவின் மைலேஜ் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட அந்தத் துளி மிச்சமும் உதவும். கையேட்டில் இருக்கும் எண்ணில் பேரிங்கோடு சேர்ந்து சட்டமும் பேசுகிறது. பாஸ் 302-இல் ஃபோர்டு எண்ணெயை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை. ஆயில் கூலரும், இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்புக்குள் தடுப்புகளும் வைத்தது.

அந்தத் தடுப்புகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒட்டும் டயரோடு 1ஜி விசையில் வளைவைத் திருப்பினால், சம்ப்பில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். நீளமான வளைவில் உறிஞ்சு குழாய் எண்ணெயை விட்டுக் காற்றைக் குடிக்கும். அப்போது சம்ப்பில் இருப்பது 20-ஆ 60-ஆ என்பது பேரிங்குக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்ஜின் சீஸ் ஆக சில நொடிகள் போதும். சொல்லப்போனால் கெட்டி எண்ணெய் சிலிண்டர் ஹெட்டிலிருந்து கீழே வடிந்துவரத் தாமதமாகும் என்பதால் நிலைமை மோசமாகக்கூட ஆகலாம். தடத்துக்கான கார்வெட்களில் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் இருப்பது இதற்காகத்தான்.

ஆகவே எண்ணெய் வாங்கும் பணத்தில் முதலில் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றை மாட்டச் சொல்வேன். கூலன்ட் முள்ளை நம்ப முடியாது. எண்ணெய் அதைவிட 30, 40 டிகிரி மேலே போயிருக்கும். இருபது நிமிட ஓட்டத்தின் முடிவிலும் 110-ஐத் தாண்டவில்லை என்றால் சாலை எண்ணெயையே புதிதாக ஊற்றி ஓட்டலாம். 120-ஐத் தொட்டால் ஒரு கிரேடு ஏற்றலாம். 135-ஐத் தாண்டுகிறது என்றால் 60 எண்ணெயைத் தேடுவதைவிட கூலர் வாங்குவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெட்டுப்போகும் வேகம் இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் பழைய கைக்கணக்கு.

2019-இன் 0டபிள்யூ-40 இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? 100 டிகிரியில் 13-ஐ ஒட்டி, 130-இல் 7.5 அளவில், எச்.டி.எச்.எஸ். 3.5-க்குக் குறையாது. 50 அளவுக்கு இல்லை. ஆனாலும் தடத்தில் 30-ஐவிடக் கெட்டி, குளிர்ந்த காலையில் 15டபிள்யூ-50-ஐவிட எவ்வளவோ இளக்கம்.

ஓட்டம் முடிந்து வடித்த எண்ணெயில் ஒரு சிறு பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் நல்லது. 18-ஆக உள்ளே போனது 15-ஆகத் திரும்பி வரலாம். நூல்கள் அறுந்திருக்கும், அல்லது நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் பெட்ரோல் கலந்திருக்கும். அந்தத் தாளில் 15 என்று வந்தால், நீங்கள் 50 என்று நினைத்து ஓட்டிய கடைசிச் சுற்றுகள் 40-இல் ஓடியவை. அடுத்த முறை எண்ணெயை, தடத்தில் ஓட்டும் நாள் கணக்கில் ஒரு நாள் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.