துபாய் போக நாலேகால் மணி, திரும்பி வர மூன்றேமுக்கால்

நாகர்கோவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "திருவனந்தபுரத்தில் ஏறி துபாயில் இறங்க ஜனவரி டிக்கெட்டில் இரண்டேமுக்கால் மணி, திரும்பி வர ஐந்தேகால் மணி என்று கணக்கு வருகிறது. தூரம் ஒன்றுதானே?"

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது அதைக் கூட்டி, வரும்போது கழித்தால் நாலேகால், மூன்றேமுக்கால். மிச்சமுள்ள அரைமணிதான் விஷயம்.

பூமி கிழக்கே சுழல்வதுதான் காரணம் என்பவர்கள் உண்டு. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி துபாயே ஓடி வந்திருக்கும். போவதுதான் சீக்கிரம் முடியும்! காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது.

தூரம் நேர்க்கணக்கில் சுமார் 2,950 கி.மீ. காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 850 என்று வைத்துக்கொள்வோம். மேற்குக் காற்று 80 கி.மீ. வேகத்தில் வீசினாலும், பாதை வடமேற்காகச் சாய்ந்திருப்பதால் சுமார் 60தான் எதிர்க்கும். போக 3 மணி 44 நிமிடம், வர 3 மணி 15. ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எல்லாம் சேர்ந்து இன்னும் அரைமணி. காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 3 மணி 28. ஆக, போகும்போது 16 நிமிடம் நஷ்டம், வரும்போது 13 நிமிடம்தான் லாபம். எதிர்காற்றில் கூடுதல் நேரம் கிடக்க வேண்டியிருப்பதால் இந்தக் கணக்கு ஒருபோதும் நேராகாது.

இனி ஆடி மாதத்துக்கு வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது, முப்பந்தல் காற்றாலைகள் மேற்கே முகம் காட்டிச் சுழல்கின்றன. அதே நேரத்தில், தலைக்கு மேலே 10 கி.மீ. தாண்டினால் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது! கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் தெற்கே உள்ள கடலைவிடச் சூடேறுகின்றன. சூடான காற்று உப்பி உயர்வதால், மேலே ஒரே உயரத்தில் வடக்கே அழுத்தம் கூடுதல், தெற்கே குறைவு. காற்று தெற்கே வழியப் பார்க்கிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்ப, கிழக்குக் காற்றாகிவிடுகிறது. குளிர்காலத்தில் வடக்கு குளிர்ந்து சரிவு தலைகீழாவதால், அரேபியாவுக்கு மேலே மேற்குக் காற்று வலுக்கிறது.

ஆடியில் உயரத்தில் வேகமாகப் பாயும் அந்தக் கிழக்குக் காற்றுக்குக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். அதை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். அதன் மையம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், 11 கி.மீ.யில் பறக்கும் விமானத்துக்குக் கிடைப்பது அதன் அடிப்பகுதி. அதுவும் பயணத்தின் முதல் பாதியில்தான், துபாயை நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும்.

இதையெல்லாம் அளக்க பலூன் விட வேண்டும். அரபிக்கடலுக்கு நடுவில் யார் விடுவது? செயற்கைக்கோளும், பறக்கும் விமானங்கள் அனுப்பும் அளவீடுகளும்தான் கதி. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசி பலூனுக்கும் கிடைத்தால் நல்லது என்பது என் கட்சி.

விமான நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடுகின்றன. ஆடியில் துபாய்க்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாலும், நிறுத்த இடம் காலியாகும்வரை உள்ளேயே உட்கார வேண்டியிருக்கும். தையில் அங்கே வேறு விமானம் மாறுகிறவர்கள் இடைவெளியைத் தாராளமாக வைத்து டிக்கெட் எடுங்கள்.